குரைக்கும் நாயும் அடுத்த வீடும்

திருநெல்வேலிச் சீமையின் பழைய தெருக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்லிடைக்குறிச்சியாயினும் சரி, சேரன்மகாதேவியாயினும் சரி, வீடுகள் ஒன்றன் தோளை ஒன்று தொட்டு நிற்கும். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர்; முன்னே திண்ணை; நடுவே வானம் பார்த்த முற்றம்; பின்னே கிணற்றடி. ஒரு வீட்டில் உலக்கை போட்டால் அடுத்த வீட்டில் அதிரும். ஒரு குழந்தை அழுதால் மூன்றாம் வீட்டிலிருந்து 'என்ன?' என்று குரல் வரும். இத்தகைய தெருவில் ஒருவர் நாய் வளர்க்கத் தொடங்கினால் அதற்குச் சோறு போடுபவர் அவர் ஒருவரே. அதன் குரலைக் கேட்பவர்களோ தெருவார் அனைவரும்.

ஒரு நாள் காலையில் அடுத்த வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "அண்ணாச்சி, உங்க நாய் பகல் பூரா குலைக்குது. பையன் பரீட்சைக்குப் படிக்க முடியல" என்கிறார். நாய் வளர்ப்பவருக்கு வியப்பு உண்டாகிறது. வியப்பு விரைவில் சினமாகிறது. "எங்க நாயா? அது வாயே தொறக்காதே!" என்கிறார். வந்தவர் பொறாமையால் பேசுகிறார் என்று இவர் எண்ணுகிறார். இவர் தெரிந்தே மறைக்கிறார் என்று அவர் எண்ணுகிறார். பேச்சு முற்றுகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரம் மாற்றிக்கொண்ட இரண்டு வீடுகள் அன்று முதல் முகம் பார்ப்பதில்லை. மனிதருக்கு இது மனக்கசப்போடு நின்றுவிடும். நாயின் கதி அவ்வளவு எளிதில் முடிவதில்லை. யாரேனும் அதைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டு வருவர். அதனினும் கொடியது, ஒரு நாள் இரவு மதிலுக்கு மேலாக விழும் நஞ்சு கலந்த சோற்றுருண்டை.

இத்தனைக்கும், வாசலில் நின்று பேசிய இருவருமே உண்மையைத்தான் பேசினார்கள். வீட்டில் ஆள் இருக்கும்போது அந்த நாய் அமைதியாகத்தான் இருக்கிறது. அவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகே குரைக்கத் தொடங்குகிறது. மாலையில் தெருமுனையில் காலடி ஓசை கேட்டதும் நிறுத்திவிடுகிறது. ஆகவே ஊரார் அனைவருக்கும் கேட்கும் அந்தக் குரலைக் கேட்க முடியாதவர்கள் அந்த வீட்டார் மட்டுமே. புகார் கொண்டுவந்தவரைச் சாட்சியாகக் கருத வேண்டும் என்று நான் சொல்லுவது இதனால்தான். தம் நாய் பகலில் என்ன பாடு படுகிறது என்பதை வளர்ப்பவருக்குச் சொல்லக்கூடியவர் அவரைத் தவிர வேறு யார்?

நாய் ஏன் குரைக்கிறது என்பதை இங்கே சற்று விரிவாகக் காண்போம். நாயின் மூதாதை சாம்பல்நிற ஓநாய். வளர்ந்த ஓநாய் ஊளையிடும், உறுமும். ஆனால் அது குரைப்பது அரிது. மனிதரோடு வாழத் தொடங்கிய பின்னரே இக்குரல் நாயினிடத்தில் பெருகியது. நம் மொழியும் நாயின் குரல்களை நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது. குரைத்தல் வேறு, உறுமுதல் வேறு, ஊளையிடுதல் வேறு, முனகுதல் வேறு, சிணுங்குதல் வேறு. நாயோடு நெடுங்காலம் பழகிய மக்கள் கூட்டத்திற்கே இவ்வளவு வினைச்சொற்கள் தேவைப்படும்.

அங்கேரி நாட்டுத் தலைநகரான புடாபெஸ்டில் உள்ள எட்வோஷ் லோராந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் பொங்ராட்ஸ் முதலிய அறிஞர்கள் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. 'முடி' என்பது அந்நாட்டு இடையர்கள் வளர்க்கும் நாய் இனம். அயலார் வரும்போதும், விளையாடும்போதும், உலாவக் கிளம்பும்போதும், தனியே கட்டிவைக்கப்பட்டபோதும் அந்நாய்கள் குரைத்ததைப் பதிவு செய்தார்கள். அப்பதிவுகளைப் பலருக்கும் போட்டுக்காட்டி, இது எந்த நிலையில் எழுந்த குரல் என்று கேட்டார்கள். கேட்டவர்கள் குருட்டாம்போக்கில் சொல்லக்கூடியதைவிட மிகுதியாகவே சரியாகச் சொன்னார்கள். நாய் வளர்த்தவர்களுக்கும் வளர்க்காதவர்களுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை என்பதே வியப்பு. தாழ்ந்த சுருதியில் இடைவிடாது அடுக்கடுக்காக வருவது மிரட்டும் குரல். உயர்ந்த சுருதியில் விட்டு விட்டு வருவது தனிமையின் குரல். எனவே சுவருக்கு அப்பால் இருப்பவர், "அது குலைக்கிற மாதிரி இல்ல அண்ணாச்சி, அழுகிற மாதிரி இருக்கு" என்று சொன்னால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. நாயைப் பாராமலே நோயை அறிந்து சொல்லிவிட்டார் அவர்.

இனி, ஓரிடத்தில் குற்றமாகத் தோன்றும் குரைப்பு வேறோர் இடத்தில் குணமாகவும் இருக்கும். பாபநாசம், மணிமுத்தாறு ஆகிய இடங்களை ஒட்டி மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர்களை எண்ணிப் பாருங்கள். 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அவ்வூர்களின் கொல்லைப்புறத்திலேயே தொடங்குகிறது. இரவில் காட்டுப்பன்றி வாழைத் தோட்டத்துக்குள் இறங்கும். சிறுத்தை ஆட்டையும், சில வேளைகளில் காவல் நாயையுமே தூக்கிச் செல்லும். அங்கே குரைக்காத நாயை எவரும் வளர்க்க மாட்டார்கள். அந்த நாயின் குட்டியைப் பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டுக்குக் கொண்டுவந்து, தெருவைப் பார்த்த இரும்புக் கம்பிக் கதவின் பின்னே விட்டால் என்ன ஆகும்? பால்காரர், தபால்காரர், பள்ளிப் பிள்ளைகள், எதிர்வீட்டுப் பூனை என எல்லாமே அதற்குச் சிறுத்தைதான். அது குரைக்கிறது, வந்தவர் தம் வழியே போய்விடுகிறார். தான் குரைத்ததால்தான் அவர் ஓடினார் என்று நாய் கருதிக்கொள்கிறது. நாள்தோறும் நாற்பது முறை வெற்றி பெறும் ஒருவர் அத்தொழிலை எப்படி விடுவார்?

நமக்கு வடக்கே விருதுநகர் மாவட்டத்தில் உள்ள இராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய ஊர்களின் பெயரால் வழங்கும் நாய்களைப் பற்றியும் ஒரு சொல். இராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது. இது காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போனது. சிப்பிப்பாறை நாயோ கரிசல் காட்டில் முயலை விரட்டி ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அந்த வேட்டை படிப்படியாகக் குற்றமாயிற்று, அது முறையே. ஆனால் கால்களில் இருக்கும் ஓட்டம் சட்டத்தால் நின்றுவிடுமா? மைல் கணக்கில் ஓடப் பிறந்த உயிரை ஆறடிச் சங்கிலியில் கட்டிவிட்டு, அது சத்தமிடுகிறதே என்று நாம் வருந்துகிறோம். பெருமைக்காக இவ்வினங்களை வாங்கும் நண்பர்கள் முதலில் தங்கள் வீட்டு முற்றத்தை அளந்து பார்ப்பது நல்லது.

ஒலியின் இயல்பும் இவ்வழக்கில் ஒரு கட்சிக்காரர்தான். நாய்க்கு ஒரு மீட்டர் அருகில் அதன் குரல் 90 டெசிபல் என்று கொள்வோம். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்காகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். அப்படியானால் 32 மீட்டருக்கு அப்பாலும் அது 60 டெசிபல் இருக்கும். இருபுறமும் சுவர் எழுந்த குறுகிய தெருவிலோ அவ்வளவு கூடக் குறையாது. இரவில் நிலைமை இன்னும் மோசம். காற்றசையாத மார்கழி இரவுகளில் வயலையும் ஆற்றையும் ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும். அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று படிந்திருக்கும். அப்போது ஒலி மேலே போய்ச் சிதறாமல் தரையை நோக்கி வளைந்து வரும். குறுக்குத்துறையில் குரைக்கும் நாய் அக்கரைக்காரரின் தூக்கத்தைக் கெடுப்பது இதனால் நிகழக்கூடியதே. நாட்டில் நடைமுறையில் உள்ள 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் எல்லையாக வகுத்துள்ளன. இவை சராசரி அளவுகள். ஆகையால் ஒரு குரைப்பை இவற்றோடு நேராக ஒப்பிடுவது முறையன்று. எனினும் அடுத்த வீட்டார் மிகைப்படுத்தவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

சரி, புகார் வந்துவிட்டது. செய்வது யாது? மறுத்துப் பேசாமல் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்த நேரத்தில்? எவ்வளவு நேரம்? எப்படிப்பட்ட குரல்? விடைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரம் குறித்து வர வேண்டும். இது மாணவர்களே எளிதாகச் செய்யக்கூடிய வேலை. காலை 9 மணிக்குத் தொடங்கி அரை மணி நேரம் அழுவதுபோல் குரைத்தால் அது பிரிவுத் துயர். பகல் முழுவதும் விட்டு விட்டு மிரட்டினால் கம்பிக் கதவுதான் காரணம். நள்ளிரவில் மட்டும் என்றால் தெரு நாய்களோ, பெருச்சாளியோ, கதவருகே வந்து போகும் எவரோ காரணமாகலாம். முன்பு அமைதியாயிருந்த கிழ நாய் திடீரென்று இரவில் குரைக்கத் தொடங்கினால் காதிலோ மூட்டிலோ வலி இருக்கக்கூடும். அதற்குக் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். நம் ஊருக்கு இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

கதவுதான் காரணம் என்றால் மருந்து மிக மலிவு. கதவின் கீழ்ப்பாதியை ஓலைத் தட்டியாலோ தகரத்தாலோ மறைத்துவிட்டால் போதும். காணாத பகைவரோடு நாய் போரிடுவது குறைந்துவிடும். பிரிவுத் துயருக்கு மருந்து பொறுமை. காலையில் ஆற்றங்கரை வரை நடத்திக் களைப்படையச் செய்த பிறகே வீட்டைப் பூட்ட வேண்டும். விடுமுறை நாட்களில் இரண்டு நிமிடம் வெளியே போய்த் திரும்புவது, பிறகு ஐந்து நிமிடம், பிறகு கால் மணி என்று பிரிவைப் பழக்க வேண்டும். போகும்போது கொஞ்சி விடைபெறுவதும், வந்ததும் கட்டிக்கொள்வதும் நமக்கு இன்பம். நாய்க்கு அந்த இரண்டு வேளைக்கும் நடுவே உள்ள வெறுமையை அது பெரிதாக்கிக் காட்டும். குரைக்கும் நாயைப் பார்த்து நாமும் உரக்கக் கத்துவது பயனற்றது. முதலாளியும் தன்னோடு சேர்ந்து குரைக்கிறார் என்றே அது எடுத்துக்கொள்ளும். அடிப்பதோ அச்சத்தை மிகுவிக்கும். அச்சமே பாதிக் குரைப்புக்குக் காரணம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. குரைத்தால் ஓடிவந்து கவனிக்கும் வழக்கத்தை நாம் நிறுத்தியவுடன், குரைப்பு குறையாமல் முதலில் கூடும். இதுவரை பலித்த தந்திரம் பலிக்கவில்லையே என்று நாய் இன்னும் ஓங்கி முயலும். பெரும்பாலோர் அந்த மூன்றாம் நாளில்தான் மனம் தளர்ந்து இறங்கி வந்துவிடுகிறார்கள். ஓங்கிக் குரைத்தால் கிடைக்கும் என்ற பாடத்தை நாய் அன்று நன்றாகக் கற்றுக்கொள்கிறது. ஆகையால் தொடங்குமுன் அடுத்த வீட்டாரிடம், "அண்ணாச்சி, பழக்கிக்கிட்டு இருக்கோம். ஒரு வாரம் சத்தம் கூடத்தான் இருக்கும், பொறுத்துக்கிடுங்க" என்று சொல்லிவைப்பது இன்றியமையாதது. சொல்லிவைத்த சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் மனம், சொல்லாத சத்தத்தைப் பொறுப்பதில்லை.

புகார் சொல்பவருக்கும் முறை உண்டு. நள்ளிரவில் சினத்தோடு கதவைத் தட்டுவதைவிட, மறுநாள் மாலையில் நேரத்தைக் குறித்துச் சொல்வது பயன்படும். "எப்பப் பார்த்தாலும்" என்று தொடங்கும் வாக்கியம் சண்டையில்தான் முடியும். "நேற்று பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை" என்று தொடங்குவதற்கு மறுப்பு எளிதில் கிடைக்காது.

பேச்சால் தீராதபோது சட்டத்தின் நிலை என்ன? தெருவுக்கே தொல்லையாகும் நிலையில் 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி நிர்வாக நடுவர் உத்தரவிட இடமுண்டு. ஒரு வீட்டாருக்கு மட்டும் தொல்லை என்றால் அது உரிமையியல் நீதிமன்றத்துக்குரியது. வழக்குத் தொடுக்குமுன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடிச் சமரசம் பேசவும் வழி இருக்கிறது. இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இரு பக்கத்தையும் பார்க்கின்றன. குரைப்பது நாயின் இயல்பு என்பதை அண்டையார் ஏற்க வேண்டும். இடைவிடாக் குரைப்பை, சிறப்பாக இரவில், தடுக்க வளர்ப்பவர் முயல வேண்டும் என்பது அவற்றின் கருத்து. நாய்க்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராதிருப்பதும், பசியால் வாடும்படி அதைக் கைவிடுவதும் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றங்கள். நஞ்சிட்டுக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கலாம்.

உத்தரகாண்டத்தில் ஒரு கதை உண்டு. காரணமின்றித் தன்னை அடித்தவன்மேல் ஒரு நாய் இராமபிரானின் சபைக்கே வந்து முறையிட்டது. அரசனும் அதை அழைத்து விசாரித்தான். நம் தெரு வழக்கில் அந்த வசதி நாய்க்கு இல்லை. அதன் முறையீடு சுவருக்கு அப்பால் இருப்பவர் காதில்தான் விழுகிறது. அவர் வந்து சொன்ன சொல்லைக் கேட்டுத் தட்டி கட்டி, காலையில் நடத்தி, நோட்டுப் புத்தகத்தில் குறித்துப் பதினைந்து நாள் ஆன பிறகு, வளர்ப்பவர் தாமே அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போய், "இப்போ பகல்ல எப்படி இருக்கு, அண்ணாச்சி?" என்று கேட்க வேண்டும். அந்த விடை தெரிந்தவர் இன்னமும் அவர் ஒருவரே.