முதலில் முகம், பிறகு சரக்கு



கடை வைக்க முதல் வேண்டும், சரக்கு வேண்டும், நல்ல இடமும் வேண்டும். இம்மூன்றும் இருந்தும் ஈ ஓட்டும் கடைகளைப் பார்க்கிறோம். அதே தெருவில், அதே அரிசியை, அதே விலைக்கு விற்கும் இன்னொரு கடையில் கூட்டம் தாங்காது. கேட்டால் 'கை ராசி' என்போம். ராசி அல்ல, கல்லாவில் இருப்பவரின் குணமும் பேச்சுமே காரணம்.

இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். நம் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையே போதும்.

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கும் பஸ்ஸில் மலை மக்கள் புளி, கடுக்காய், தேன், சாமை கொண்டு வருகிறார்கள். விற்ற பணத்தில் மளிகை வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். 'மலையாளி' என்பது அவர்கள் இனப்பெயர். கேரளத்தோடு சம்பந்தமில்லை, பேசுவது தமிழ்தான். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்து, கூலியில்லாமல் உழைத்த தலைமுறைகள் அவர்களுடையவை. 'ஏய், வாடா' என்ற சொல் அவர்கள் மனத்தில் எங்கே போய்த் தைக்கும் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

எங்கள் கடையில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை நேரம், நல்ல கூட்டம். மலையிலிருந்து பெரியவர் ஒருவர் மகள் கல்யாணச் சாமான் சீட்டோடு வந்தார். கூடவே நாலு பேர். பொட்டலம் கட்டும் எங்கள் பையன் எடுத்த எடுப்பில், "ஓரமா நில்லு. காசு வச்சிருக்கியா?" என்றான். எங்கள் காதிலும் விழுந்தது. கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பெரியவர் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். "வாங்க கவுண்டரே, உட்காருங்க" என்று அங்கே ஒரு குரல். ஒரு சொம்பு தண்ணீர். அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் எங்கள் கண்ணெதிரே வண்டி ஏறின.

ஒரு நாள் வியாபாரம் போனதென்று நினைத்தோம். அந்த வருஷம் முடிவதற்குள் அவர் ஊர்க்காரர்கள் ஒருவர்கூட எங்கள் படி ஏறவில்லை. பிறகு பஸ் நிலையத்தில் அவரைக் கண்டு மன்னிப்புக் கேட்டோம். "வெலையப் பத்தி ஒண்ணும் இல்லீங்க. அன்னைக்குக் கூட நின்னது சம்பந்தி வூட்டு ஆளுங்க" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

பையனைக் கண்டிக்க நினைத்தோம். அவன் யாரிடம் கற்றான்? எங்களிடம்தான். முதலாளியின் நாக்குத்தான் வேலையாளின் நாக்கு.

செலவில்லாத நான்கு பழக்கங்கள்

ஒன்று: வந்தவரை வயதுக்கேற்ப அண்ணே, அக்கா, பெரியவரே என்று அழையுங்கள். உடுப்பைப் பார்த்து மரியாதையை அளக்காதீர்கள்.

இரண்டு: தராசின் எண் வாங்குபவருக்குத் தெரியட்டும். எடையை வாய்விட்டுச் சொல்லுங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைப்பது சட்டம்; படிக்கத் தெரியாதவருக்கும் சரியாக நிறுப்பது பண்பு. இனிக்கப் பேசி எடையைக் குறைப்பது மரியாதையல்ல, ஏமாற்று.

மூன்று: புளியோ சாமையோ கொள்முதல் செய்யும்போது, ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிப்போம் என்பதை நிறுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நிறுத்த பிறகு சொன்னால் நியாயமான கழிவும் திருட்டாகவே தெரியும்.

நான்கு: 'கடன் அன்பை முறிக்கும்' என்று நாம் பலகை மாட்டுகிறோம். கடனைவிட, பாக்கியைப் பத்துப் பேர் முன்னால் கேட்பதே அன்பை அதிகம் முறிக்கிறது. இல்லை என்பதையும் தணிந்த குரலில் சொல்லலாம். பாக்கியைத் தனியே அழைத்துக் கேட்கலாம்.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. ஊர் வளர வளர வெளியூர் நிறுவனங்களும் வரும். கைபேசியிலேயே சரக்கு வாங்கும் காலமும் வந்துவிட்டது. அவர்களுடைய கொள்முதல் பலத்துக்கு முன்னால் விலையில் நாம் எல்லா நாளும் நிற்க முடியாது. ஆனால், "மகளுக்கு உடம்பு தேவலையா அக்கா?" என்று கேட்க நம்மால் முடியும்.

திருக்குறளில் விருந்தோம்பலுக்கு அடுத்த அதிகாரம் இனியவை கூறல். நம் கடைப்படி ஏறுகிறவரும் விருந்தினரே. நாளைக் காலை கடை திறந்ததும், முதலில் வருபவரைத் தலை நிமிர்ந்து பார்த்து 'வாங்க' என்று சொல்லுவோம். அந்தப் பெரியவர் இன்னும் எங்கள் கடைக்கு வரவில்லை. வந்தால் உட்கார நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம்.