குட்டிக்குப் படலை திறக்கும் நாள்

2011 ஆம் ஆண்டு செட்டிகுளம் முகாமிலிருந்து கிளிநொச்சியிலுள்ள எங்கள் காணிக்குத் திரும்பினோம். வீடும் இல்லை, வேலியும் இல்லை. தகரக் கொட்டிலொன்றில் நானும் ஒன்பது வயது மகளும் மட்டும். இரவில் ஓலை விழுந்தாலும் அவள் திடுக்கிட்டு எழும்பி என்னைப் பிடித்துக்கொள்வாள். "ஒரு நாய்க்குட்டி வளர்ப்பம் அம்மா" என்று அவள்தான் கேட்டாள். அயலில் இருந்த அக்கா ஒருவர் ஒன்றரை மாதக் குட்டியொன்றைத் தந்தார்.

அடுத்த நாளே கழுத்தில் கயிற்றைக் கட்டிச் சந்திக் கடைவரை நடத்திக்கொண்டு போனாள் மகள். ஒரு கிழமை ஆகவில்லை. குட்டி சாப்பாட்டை விட்டது. சத்தி எடுத்தது. இரத்தமாகக் கழிந்தது. மூன்றாம் நாள் செத்துப்போனது.

மிருக வைத்தியர் விசாரித்துவிட்டு, "பார்வோ வைரஸாத்தான் இருக்கும். ஊசி போடாத குட்டியை ஏன் றோட்டிலை விட்டனீங்கள்?" என்று கேட்டார். மகள் அன்றிரவு, "நான்தானே அம்மா கூட்டிக்கொண்டு போனனான்" என்று அழுதாள். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, இந்தச் சாவையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். உண்மையில் பெரியவளான எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

எப்போது வெளியே விடலாம்?

தாய்ப்பாலில் வரும் எதிர்ப்புச் சக்தி குட்டியைச் சில கிழமைகளுக்குக் காக்கும். அது உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்து சரியாக வேலை செய்யாமலும் போகலாம். அதனால்தான் ஓர் ஊசியோடு நிறுத்துவதில்லை. 6 முதல் 8 கிழமைக்குள் முதல் ஊசி. பிறகு 3, 4 கிழமைக்கு ஒருமுறை. 16 கிழமை நிறைந்த பிறகு கடைசி ஊசி. அதற்குப் பின்னும் ஒன்றிரண்டு கிழமை பொறுத்துத் தெருவில் நடக்கவிடுவதே பாதுகாப்பு. இவை பார்வோ போன்ற நோய்களுக்கான ஊசிகள். விசர்நாய்த் தடுப்பூசி வேறு. அதை அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. அதையும் வருடாவருடம் தவறவிடாதீர்கள்.

பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே நாங்கள் ஒரு வருடம் கழித்து, 2012 இல்தான் அடுத்த குட்டியை எடுத்தோம். ஊசித் திகதிகளை மகளே கலண்டரில் வட்டம் போட்டு வைத்தாள்.

அதுவரை வளவுக்குள் பூட்டி வைப்பதா? அதுவும் பிழை. மூன்றாம் கிழமையிலிருந்து மூன்று, மூன்றரை மாதம்வரைதான் குட்டி உலகத்தைப் பழகும் காலம். அப்போது காணாததைக் கண்டு பிறகு பயப்படும், கடிக்கவும் பார்க்கும். முதல் ஊசி போட்டு ஒரு கிழமை சென்றதும் மகள் குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முகப்பில் நிற்பாள். சைக்கிள், உழவு இயந்திரம், குடை பிடித்தவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் அது பார்த்தது. கால் மட்டும் நிலத்தில் படவில்லை.

எப்படி நடத்துவது?

முதலில் வளவுக்குள் பழக்குங்கள். கழுத்துப்பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் போகவேண்டும். பாரமில்லாத கயிற்றைக் கட்டி, கூப்பிட்டவுடன் வந்தால் அவித்த முட்டையில் ஒரு துண்டு கொடுங்கள். இழுக்கவேண்டாம். கயிறு இறுகினால் நின்றுவிடுங்கள், தளர்ந்ததும் நடவுங்கள்.

முதல் நாட்களில் ஐந்து, பத்து நிமிடம் போதும். குட்டி இருந்துவிட்டால் களைத்துவிட்டது என்று அர்த்தம். காலையில் வெயில் ஏறமுன், அல்லது பொழுதுபடும் நேரம் போங்கள். தார் றோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். மற்ற நாய்களின் மலத்தை மணக்கவோ, குப்பையைத் தின்னவோ விடாதீர்கள். பூச்சி மருந்தும் கொடுங்கள். குட்டியோடு விளையாடிய பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும்.

லொறிச் சத்தத்துக்கு நடுங்கினால் அடிக்கவோ இழுக்கவோ வேண்டாம். ஓரமாக விலகி, பக்கத்தில் குந்தியிருந்து, சத்தம் போகும்வரை பொறுங்கள்.

இன்னொன்று, எங்கள் பகுதிகளுக்கே உரியது. முகமாலைப் பக்கம் போர் முடிந்து பல வருடங்கள் சென்றும் மிதிவெடி அகற்றினார்கள். பற்றைக்காட்டுக்குள் நாயை அவிழ்த்து விடாதீர்கள். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்குள் அது ஓடினால் பின்னால் போகவே கூடாது. வெளியில் நின்று கூப்பிடுங்கள்.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, அது சொந்தக் குட்டியானாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கலண்டரின் கடைசி வட்டத்துக்குப் பிறகு இரண்டு கிழமை எண்ணி, ஒரு காலைப்பொழுதில் மகள் படலையைத் திறந்தாள். நான் வளவுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி ஒழுங்கையில் ஒரு லொறி வந்தது. குட்டி நடுங்கியது. அவள் ஓரமாகக் குந்தி அதன் முதுகைத் தடவி, "ஒண்டுமில்லை, அது லொறிதான்" என்றாள். இரவில் நான் அவளுக்குச் சொல்லும் அதே குரல். பிறகு இருவரும் எழும்பிச் சந்திவரை நடந்து போனார்கள். அது அவள் தனியாகப் போன முதல் நாள்.

அந்த நாய் பன்னிரண்டு வருடம் எங்களோடு இருந்தது.