முதல் திருத்தம் சொல்லும் ஒருவர்

1998 ஜூன் மாதம். கலிஃபோர்னியாவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச் ஸ்க்ரெண்டா, பாப் ட்ரூயல் இருவரும் ஓர் இணைய அடைவைத் தொடங்கினார்கள். அன்றைக்கு இணையத்தில் எதைத் தேடுவதென்றாலும் பலரும் முதலில் போனது யாஹூவின் டைரக்டரிக்குத்தான். சம்பளத்துக்கு வேலை பார்த்த ஊழியர்கள் ஒவ்வொரு தளமாகப் பார்த்து அதில் சேர்த்தார்கள். இணையம் வளர்ந்த வேகத்துக்கு அவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த வேலையைப் பொதுமக்களிடமே கொடுத்துவிடலாம், ஆளுக்கொரு சின்னப் பிரிவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் ஸ்க்ரெண்டா குழுவின் யோசனை. க்னூஹூ என்றும் நியூஹூ என்றும் பெயர் மாறி, அதே ஆண்டு நெட்ஸ்கேப் வாங்கிய பிறகு அது ‘ஓப்பன் டைரக்டரி’ ஆனது. டிமாஸ் (DMOZ) என்ற அதன் இன்னொரு பெயரைச் சொன்னால் பழைய இணையவாசிகளுக்குச் சட்டென்று தெரியும்.

2017 மார்ச் 17 அன்று அது மூடப்பட்டபோது 38 லட்சம் தளங்களும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பிரிவுகளும் இருந்தன. தமிழ் உட்பட சுமார் 90 மொழிகளில் தளங்கள் தொகுக்கப்பட்டிருந்தன. வந்து போனவர்களையும் சேர்த்து 90,000-க்கு மேற்பட்ட தன்னார்வத் தொகுப்பாளர்கள் உழைத்திருந்தார்கள். கூகுளே பல ஆண்டுகள் இந்தத் தொகுப்பை எடுத்துத் தன் பெயரில் ஓர் அடைவாக நடத்தியது. டிமாஸின் கதையைச் சொல்பவர்கள் இந்த எண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒன்றும் தெரியாமல் உள்ளே வரும் ஒருவரின் வேலையைப் பார்த்து, அவரிடம் என்ன சொல்வது என்ற கேள்விக்கு அந்த அமைப்பு தேடிய பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தொகுப்பாளராகச் சேர ஒரு விண்ணப்பம் உண்டு. சிறிய பிரிவு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் சேர்க்கத் தகுந்த இரண்டு மூன்று தளங்களைக் கண்டுபிடித்து, தலைப்பும் விவரக் குறிப்பும் எழுதிக் காட்ட வேண்டும். சொந்தத் தளமோ வேலை செய்யும் நிறுவனத்தின் தளமோ இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். மெட்டா எடிட்டர் எனப்பட்ட மூத்த தொகுப்பாளர்கள் இதைப் படித்து முடிவு செய்வார்கள். அவர்களும் சம்பளம் இல்லாதவர்களே.

நிராகரிப்பு சாதாரணமாக நடந்தது. எழுத்துப்பிழை, அகலமான பிரிவைக் கேட்டது, விளம்பரம்போல் எழுதியது, சொந்தத் தளத்தை மறைத்தது என்று காரணங்கள் பல. ஆனால் மறுப்புக் கடிதத்தில் பெரும்பாலும் பொதுவான காரணங்களின் பட்டியலே இருந்தது. அதில் தன் தவறு எது என்று விண்ணப்பித்தவர் தானே ஊகிக்க வேண்டும். மெட்டா எடிட்டர் கைப்பட இரண்டு வரி சேர்த்திருந்தால் அவர் திருத்திக்கொண்டு திரும்ப வருவார். இல்லையென்றால் ‘உள்ளே இருப்பவர்கள் நம்மைப் போன்றவர்களை விடமாட்டார்கள்’ என்ற முடிவோடு போய்விடுவார். டிமாஸ் வெளியாரை விடாத மூடிய குழு என்ற கெட்ட பெயரில் ஒரு பங்கு அந்தப் பொத்தாம்பொதுவான கடிதங்களால் வந்தது என்பது என் கணிப்பு.

உள்ளே நுழைந்தவருக்குக் கிடைத்தது வேறு அனுபவம். புதியவர் தன் பிரிவைச் சக தொகுப்பாளர்களிடம் காட்டி, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். பறவை பார்ப்போர் சங்கம் ஒன்றின் தளத்தைப் புதியவர் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘அவசியம் பார்க்க வேண்டிய மிகச் சிறந்த தளம்! எங்களோடு இணையுங்கள்!’ என்று குறிப்பு எழுதியிருக்கிறார். ‘விதிமுறையைப் படியுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது ஒரு வகை. பொறுப்பான மூத்தவர் இப்படிச் சொல்வார்: “இந்தப் பக்கத்துக்கு வருபவர் முன்னால் இருபது சங்கங்கள் இருக்கும். இருபதும் மிகச் சிறந்தவை என்றால் அவர் எதைத் திறப்பார்? அந்தத் தளத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். மாதாந்திர நடைப்பயண அட்டவணை, வட்டாரப் பறவைகளின் பட்டியல், உறுப்பினராகச் சேரும் முறை. இவ்வளவு போதும். ‘எங்களோடு’ என்று எழுதினால் நீங்கள் சங்கத்தின் ஆள் ஆகிவிடுகிறீர்கள். நீங்கள் வாசகரின் ஆள்.”

புகழ்ச்சி வேண்டாம், தலைப்பைத் திரும்பச் சொல்ல வேண்டாம், தன்மையில் எழுத வேண்டாம் என்று விதிகள் முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தன. படித்தவர்களும் தவறு செய்தார்கள். விதிக்குப் பின்னால் வாசகர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதைத் தன் சொந்த வாக்கியத்தின் மேல் வைத்துக் காட்டும்போதுதான் அது மனதில் ஏறுகிறது.

மூத்தவர்களுக்கு ஒரு சபலமும் உண்டு. எடிட்டால் என்ற தகுதி பெற்றவர்கள் எந்தப் பிரிவிலும் கைவைக்கலாம். புதியவரின் இருபது குறிப்புகளையும் பத்து நிமிடத்தில் தாங்களே திருத்திவிட அவர்களால் முடியும். பக்கம் சுத்தமாகிவிடும். ஆனால் மறுநாள் வந்து பார்ப்பவருக்குத் தன் எழுத்து காணாமல் போயிருப்பது மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது. ஒன்றைத் திருத்திக் காட்டி, ஏன் என்று சொல்லி, மீதியை அவர் கையிலேயே விடுவதுதான் கற்றுக்கொடுப்பது. இதற்குப் பொறுமை வேண்டும். புதியவர் தட்டுத்தடுமாறும் சில நாட்களுக்குப் பக்கம் அரைகுறையாக இருப்பதைச் சகித்துக்கொள்ளவும் வேண்டும்.

இந்தக் கருத்துகளை வெறும் உபசாரமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பெரிய பிரிவுக்கு அனுமதி கேட்டால் அதுவரை செய்த திருத்தங்களைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஒவ்வொரு மாற்றமும் யார், எப்போது செய்தது என்று பதிவில் இருந்தது. டிமாஸில் இடம் பிடித்தால் தேடுபொறியில் மேலே வரலாம் என்று நம்பிய வணிகர்கள் அதிகம். தொகுப்பாளர்கள் காசு வாங்கிக்கொண்டு தளங்களைச் சேர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அடிக்கடி எழுந்தது. நேர்மையாக வேலை செய்த புதியவருக்கு, சக தொகுப்பாளர்கள் பார்த்துச் சொன்ன கருத்தும் அந்தப் பதிவும்தான் பாதுகாப்பு.

டிமாஸில் நல்ல மனசைப் பொறுத்து நடந்ததை வேலைமுறைக்குள்ளேயே வைத்த அமைப்பும் உண்டு. சார்லஸ் ஃபிராங்க்ஸ் 2000-இல் தொடங்கிய ‘டிஸ்ட்ரிபியூட்டட் ப்ரூஃப்ரீடர்ஸ்’, புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இலவச மின்னூலகத்துக்காகப் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கும் தன்னார்வலர் கூட்டம். அங்கே புதியவர்களுக்கென்றே சில நூல்கள் ஒதுக்கப்படும். அவர்கள் பார்த்த பக்கங்கள் இரண்டாம் சுற்றில் வழிகாட்டிகளிடம் மட்டும் போகும். வழிகாட்டி பக்கத்தைத் திருத்துவதோடு நிற்பதில்லை, அந்தப் பக்கத்தைப் பார்த்தவருக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிறார். பக்கத்தில் விட்டுப்போனது எது, சரியாகப் பிடித்தது எது என்று அதில் இருக்கும். அடுத்த சுற்றில் தன் பக்கம் எப்படி மாறியது என்பதைப் புதியவர் வரிக்கு வரி ஒப்பிட்டும் பார்க்கலாம். திருத்தம் எல்லார் முன்னாலும் வருவதில்லை. சொல்ல மறந்துபோவதும் இல்லை.

புதியவருக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆங்கில விக்கிப்பீடியாவே சாட்சி. 2007-க்குப் பிறகு அங்கே சுறுசுறுப்பாகத் தொகுப்பவர்களின் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. ஆரன் ஹாஃப்பேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைத் தேடியது. வருகிறவர்களின் தரம் குறைந்துவிடவில்லை. நல்ல எண்ணத்தோடு வந்தவர்களின் முதல் திருத்தங்கள்கூட, பல சமயம் தானியங்கிக் கருவிகளின் துணையோடு, உடனுக்குடன் நீக்கப்பட்டன. அப்படித் திருத்தம் நீக்கப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. புதியவர்களைத் தக்கவைக்க 2012-இலேயே அங்கே ‘டீஹவுஸ்’ என்ற இடம் தொடங்கப்பட்டிருந்தது. புதியவர் எந்தக் கேள்வியையும் கூச்சமின்றிக் கேட்கலாம், மனிதர் ஒருவர் பதில் சொல்வார்.

தமிழிலும் இந்த வேலை நம் கண்முன்னே இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் கேள்வி கேட்க ‘ஒத்தாசைப் பக்கம்’ உண்டு. விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் பக்கங்கள் ஏராளமாக மெய்ப்புக்குக் காத்திருக்கின்றன. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சையாகும். இரண்டாவது ஆளாக நீங்கள் அங்கே போகும்போது, முதலில் பார்த்தவர் புதியவரா என்று ஒரு நிமிடம் பாருங்கள். புதியவர் என்றால், பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எந்த ஒற்று விட்டுப்போனது, எந்த வரியை அவர் அருமையாகத் திருத்தியிருக்கிறார் என்று அவருடைய பேச்சுப் பக்கத்தில் பெயர் சொல்லி இரண்டு வரி எழுதுங்கள்.