கண் விமானியை ஏமாற்றும்

மைசூரில் இருப்பவர்கள் எல்லோருக்கும் சாமுண்டி மலையைத் தெரியும். பகலில் மலை நன்றாகத் தெரிகிறது. அமாவாசை இரவில் என்ன ஆகிறது? மலை இருட்டில் மறைந்துவிடுகிறது. மேலே எரியும் விளக்குகள் மட்டும் தெரிகின்றன. ஊருக்குப் புதிதாக வந்தவர் அவற்றை நட்சத்திரம் என்று நினைக்கலாம். அவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே ஒரு மலை இருக்கிறது என்று காட்ட அவர் கண்ணுக்கு எதுவும் படவில்லை.

தரையில் நிற்பவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஒரு போர் விமானி அப்படி நினைத்தால்? மலை இருக்கும் இடத்தை வானம் என்று எண்ணிவிடுவார். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஒரு நொடியில் 250 மீட்டர் தாண்டிவிடும். தவறு புரியும்போது நேரம் கடந்திருக்கும்.

கண் ஒரு கேமரா மாதிரி என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. கண் வெளிச்சத்தை வாங்கி மூளைக்கு அனுப்புகிறது. இது என்ன, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நகர்கிறதா நிற்கிறதா என்று முடிவு செய்வது மூளை. பக்கத்தில் உள்ள மரம், வீடு, தரை ஆகியவற்றோடு ஒப்பிட்டுத்தான் அது முடிவு செய்கிறது. ஒப்பிட எதுவும் இல்லாவிட்டால் மூளை சும்மா இருப்பதில்லை. தானாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மைசூரில் ஊதுபத்திக்கா பஞ்சம்? இரவில் ஓர் அறையின் ஜன்னல், கதவை மூடுங்கள். துளி வெளிச்சமும் இருக்கக் கூடாது. மூலையில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வையுங்கள். துணி, காகிதம் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர் மூலையில் உட்கார்ந்து அந்தச் சிவப்புப் புள்ளியையே உற்றுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பெரும்பாலானவர்களுக்குப் புள்ளி மெல்ல நகர்வது போலத் தெரியும். விளக்கைப் போட்டால் பத்தி வைத்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் இரவில் பறந்த விமானிகளுக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. முன்னால் போகும் விமானத்தின் ஒற்றை விளக்கைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவார்கள். விளக்கு விலகுவது போலத் தோன்றும். உடனே தங்கள் விமானத்தைத் திருப்புவார்கள். உண்மையில் முன் விமானம் நேராகத்தான் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் ஒரே விளக்கை நெடுநேரம் உற்றுப் பார்க்காதே, பார்வையை அங்கும் இங்கும் மாற்று என்று விமானிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

பகலிலும் ஏமாற்றம் உண்டு. மைசூர் ரயில் நிலையத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் ரயில் புறப்படுகிறது. நம் ரயில்தான் கிளம்பிவிட்டது என்று ஒரு கணம் தோன்றும். 2023-ஆம் ஆண்டு தசராவில் பன்னிமண்டபத்தின் மேல் விமானப் படையின் சூரிய கிரண் குழு பறந்ததைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். விமானங்கள் ஒட்டி ஒட்டிப் பறந்தன. அப்படிப் பறக்கும் விமானியின் கண் பக்கத்து விமானத்தின் மேலேயே இருக்க வேண்டும். அது சாய்ந்தால் இதுவும் சாயும். தான் சாய்ந்திருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம். வேடிக்கை பார்க்கும் நமக்கு அது அழகு. அவருக்கு அது கடினமான வேலை.

கண் தெரியாவிட்டால் உடம்பு சொல்லாதா? சொல்லும். ஆனால் அதையும் நம்ப முடியாது. காதுக்குள் மூன்று வளைந்த குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் நீர் இருக்கிறது. தலை திரும்பும்போது அந்த நீர் அசைந்து மூளைக்குத் தகவல் தருகிறது. விமானம் மிக மெதுவாகச் சாய்ந்தால் இந்த அசைவு உணரும் அளவுக்கு இருக்காது. மேகத்துக்குள் விமானம் சாய்ந்து போகும்போதும், நேராகப் போகிறோம் என்றே விமானி நினைப்பார்.

ஆகவே விமானத்தில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். விமானம் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அது காட்டும். அந்தக் கருவியே தவறினால் என்ன ஆகும்? 1978 ஜனவரி 1 அன்று அது நடந்தது. அது பயணிகள் விமானம்தான். ஆனால் போர் விமானிக்கும் பயணிகள் விமானிக்கும் கண் ஒன்றுதானே.

ஏர் இந்தியாவின் பெரிய போயிங் விமானம் அன்று இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது. அதன் பெயர் ‘எம்பரர் அசோகா’. கிளம்பியதும் வலப்பக்கம் திரும்பி, கடலுக்கு மேல் வந்து நேரானது. ஆனால் தலைமை விமானியின் கருவி இன்னும் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது என்று விசாரணையில் சொன்னார்கள். அவர் விமானத்தை இடப்பக்கம் சாய்த்தார். மேலும் சாய்த்தார். வெளியே பார்த்துச் சரி செய்துகொள்ள வழி இல்லை. கீழே கருங்கடல், மேலே கரு வானம். இரண்டும் சேரும் கோடு தெரியவில்லை. மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டு முடிவுக்கு வருவதற்குள் விமானம் பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. கிளம்பி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 213 பேர் இறந்தார்கள். அதே விமானம் பகலில் கிளம்பியிருந்தால் விமானி ஜன்னல் வழியே ஒரு முறை பார்த்திருந்தாலே போதும்.

கண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஒரே கருவியையும் நம்பக் கூடாது. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் புத்தகம் படித்தால் மட்டும் வராது.

இறங்கும்போதும் கண் விளையாடும். பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதை 45 மீட்டர் அகலம் இருக்கும். அதிலேயே இறங்கிப் பழகியவர் குறுகலான ஓடுபாதைக்கு வந்தால், இன்னும் உயரத்தில் இருக்கிறோம் என்று நினைத்துத் தேவைக்கு மேல் கீழே வந்துவிடுவார். இரவில் சுற்றிலும் இருட்டாக இருந்து ஓடுபாதை விளக்குகள் மட்டும் எரிந்தாலும் இதே கதைதான்.

மைசூரிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் பெங்களூர் போய்விடலாம். அங்கே விமானப் படையின் விண்வெளி மருத்துவக் கழகம் இருக்கிறது. 1957-இல் தொடங்கியது. விண்வெளிக்குப் போன முதல் இந்தியரான ராகேஷ் சர்மாவையும் இங்கேதான் சோதித்தார்கள். கண்ணும் காதும் எப்படி ஏமாற்றும் என்பதை விமானிகளுக்கு இங்கே நேரில் காட்டுகிறார்கள்.

இதற்குச் சுழலும் நாற்காலி ஒன்றே போதும். விமானியை அதில் உட்கார வைத்துக் கண்ணைக் கட்டுவார்கள். நாற்காலியை ஒரே சீராக வலப்பக்கம் சுற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில், “நின்றுவிட்டது” என்பார். அப்போது அது சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு நிறுத்துவார்கள். “இப்போது இடப்பக்கம் சுற்றுகிறது” என்பார். கண்கட்டை அவிழ்த்ததும் நாற்காலி அசையாமல் நிற்பதைப் பார்ப்பார்.