கைத்திறன் இல்லாதார்க்குக் காகித மடிப்பு



சிலருக்குக் கைத்திறன் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. நாரைக் கொடுத்தால் பூத்தொடுப்பர். ஓலையைக் கொடுத்தால் கிலுகிலுப்பை முடைவர். நான் அவ்வினத்தைச் சேர்ந்தவன் அல்லேன். சிறு வயதில் நான் செய்த காகிதக் கப்பல் நீரில் இட்டவுடனே கவிழ்ந்தது. "இது உன் கைக்கு வராது" என்றார் அருகிருந்த பெரியவர் ஒருவர். அச்சொல்லை நான் அறுபது ஆண்டுகள் சுமந்து திரிந்தேன்.

போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நகரில், ஜங்லிகாட் பகுதியில் நாங்கள் வாழ்கிறோம். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், காகிதக் கொக்கு மடிக்க முயன்று தோற்ற என் பேரன், தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, "எனக்கு இது வராது, தாத்தா" என்றான். நான் சுமந்த அதே சொல்! அது அவனிடத்திலும் வேர்விடுவதை நான் விரும்பவில்லை. ஆகவே அவனருகில் அமர்ந்து நானும் ஒரு தாளை எடுத்தேன்.

இக்கலையை ஜப்பானியர் 'ஓரிகாமி' என்பர். 'ஓரி' என்பது மடித்தல். 'காமி' என்பது காகிதம். கொக்குகளை மடிக்கும் முறை கூறும் நூல் 1797ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் வெளிவந்தது. எனினும் காகித மடிப்பு நமக்கு அயலானதன்று. 1893ஆம் ஆண்டில் சென்னையில் சுந்தர ராவ் என்பார், காகித மடிப்பின் வாயிலாக வடிவ கணிதம் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதனைத் தம் நூலில் குறிப்பிட்டார். 1901இல் அது சிகாகோவில் மறுபதிப்புப் பெற்றது. அந்நூலுக்கு வேண்டிய கருவிகள் ஒரு பேனாக்கத்தியும் துண்டுக் காகிதங்களுமே. அதன் முதற்பாடம் யாது? ஒழுங்கற்ற தாளிலிருந்து ஒழுங்கான சதுரம் ஒன்றை எடுப்பது! என் போன்றோர்க்கு இதனினும் ஆறுதலான தொடக்கம் ஏது?

நாங்கள் தோற்றதன் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். முதற்காரணம், எங்கள் தாள் உண்மையான சதுரமன்று. நீண்ட தாளின் குறுகிய விளிம்பை நீண்ட விளிம்பின்மேல் பொருந்த வைத்து மடித்து, எஞ்சிய பட்டையை வெட்டி நீக்கினால் சதுரம் கிட்டும்.

இரண்டாவது காரணம் அவசரம். முதல் மடிப்பு இரண்டு மில்லிமீட்டர் விலகினால், அதனையே வழிகாட்டியாகக் கொள்ளும் பின்வரும் மடிப்புகளும் விலகும். ஜங்லிகாட் மீன்பிடித் துறையில் வலை செப்பனிடுவோரைப் பாருங்கள். முடிச்சை இறுக்குமுன் அது சரிதானா என்று விரலால் உணர்ந்த பின்னரே இறுக்குவர். மடிப்பிலும் அவ்வாறே. தாளை மேசைமீது வைத்து, மூலையோடு மூலையைச் சேர்த்து, ஒரு கையால் அழுத்திக்கொண்ட பின்னரே மடிப்பை நகத்தால் தேய்த்தல் வேண்டும்.

மூன்றாவது காரணம் தாளின் தன்மை. ஐந்து முறை இரண்டாக மடித்த தாள் 32 அடுக்குகள் கொண்டதாகிவிடும்; ஆதலின் தடித்த தாள் ஆகாது. மேலும், கடற்காற்றின் ஈரத்தைக் காகிதத்தின் நார்கள் உறிஞ்சித் தளர்வதால், மழைக்காலத்தில் மடிப்பு கூர்மையாக நில்லாது. தாள்களை இறுக மூடிய தகர டப்பாவில் வைத்தோம், பயன் தெரிந்தது. இவ்வீரத்தையே துணையாக்கிக்கொண்டவரும் உண்டு. ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா தடித்த தாளைச் சற்றே நனைத்து, களிமண்ணைப்போல் வளைத்து உருவங்கள் அமைத்தார்.

மேல்நோக்கி முகடாக நிற்பது மலை மடிப்பு. உள்நோக்கிக் குழிவது பள்ளத்தாக்கு மடிப்பு. இவ்விரண்டும் அறிந்தால் படம் பார்த்து மடிக்கலாம். எங்களுக்கு இதனால் வேறொரு நன்மையும் விளைந்தது. பள்ளியிலும் தெருவிலும் இந்தியே பேசும் என் பேரன், "மூலைவிட்டம் சரியா? விளிம்பு பொருந்துகிறதா?" என்று தமிழில் வினவத் தொடங்கினான். பாடமாகச் சொன்னபோது நாவில் ஏறாத சொற்கள், கை வேலையோடு கலந்தபோது தாமே வந்து அமர்ந்தன. பிற மாநிலங்களில் மக்களை வளர்க்கும் அன்பர்கள் இதனைச் சிந்திப்பாராக.

ஏழாவது தாளில் எங்கள் கொக்கு உருவாயிற்று. அதன் கழுத்துச் சற்றே கோணல்தான். அதனைச் சன்னலோரம் நிறுத்திய பேரன் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இன்னொரு தாள் கொடுங்கள், தாத்தா" என்றான். 'வராது' என்ற சொல் அன்று அவன் வாயினின்று எழவில்லை.