வேன் அலமாரிக்கு இன்னொரு தட்டு

லைன் வியாபாரத்துக்கு வேன் ஓட்டும் நமது உறுப்பினர்கள் பலர் வண்டியின் பின்புறம், பக்கச் சுவரை ஒட்டி ஓர் அலமாரி அடித்து வைத்திருக்கிறார்கள். சோப்பு, டீத்தூள், ஊதுபத்தி, மசாலா பாக்கெட் எல்லாம் அதில்தான் போகும். நான்கடி உயரத்துக்கு நடுவில் ஒரே தட்டு. ஆகவே பெட்டிமேல் பெட்டி வைத்து, அடியில் உள்ளதை எடுக்கக் கடைக்குக் கடை மேலே உள்ளதை இறக்குகிறோம். இன்னொரு தட்டு இருந்தால் கடைக்கு ஐந்து நிமிடம் மிச்சம். நாளைக்கு 30 கடை என்றால் இரண்டரை மணி நேரம்!

ஆனால், வீட்டு அலமாரிக்குத் தட்டு போடுவது வேறு, ஓடும் வண்டிக்குப் போடுவது வேறு. இதை நான் நஷ்டப்பட்டே தெரிந்துகொண்டேன். எங்கள் வேனுக்கு, வீட்டு வேலை செய்யும் ஆசாரி ஒருவர் ரீப்பர் கட்டையை ஸ்க்ரூவில் முடுக்கி, அதன்மேல் பலகையைச் சும்மா வைத்துக் கொடுத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றே மாதத்தில் ஆட்டத்தில் ஸ்க்ரூ கழன்று, ஒரு வேகத்தடையில் தட்டு சரிந்துவிட்டது. உள்ளே இருந்தது நல்லெண்ணெய் பாட்டில். டீத்தூளும் அப்பளமும் எண்ணெயில் ஊறியது போகட்டும். அடுத்த கடையில் கதவைத் திறந்த பையன் காலில் பெட்டி விழுந்து, பத்து நாள் அவன் வேலைக்கு வர முடியவில்லை. ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிடலாம், அவன் தாயாருக்கு என்ன பதில் சொல்வது?

இரண்டாவது முறை லாரி பாடி கட்டும் பட்டறையில் கொடுத்தேன். மரக்கட்டைக்குப் பதில் இரும்பு ஆங்கிள். ஸ்க்ரூவுக்குப் பதில், அலமாரிச் சட்டத்தில் ஊடுருவும் போல்ட், அகல வாஷர், உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு. சாதா நட்டு அதிர்ச்சியில் தானாகவே கழலும். இந்த நட்டு பிடித்துக்கொள்ளும். பலகையையும் ஆங்கிளோடு போல்ட் போட்டார்கள். பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போது சரக்கு ஒரு கணம் எழும்பித் தன் எடையைவிடப் பல மடங்கு விசையோடு தட்டில் இடிக்கிறது. சும்மா வைத்த பலகை நிற்காது.

பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட் போதும். ஆனால் இரண்டரை அடிக்கு மேல் நீளம் போனால் நடுவில் ஒரு தாங்கல் வேண்டும், இல்லையேல் தொய்யும். அறுத்த ஓரங்களுக்குப் பெயின்ட் அடிக்காவிட்டால் மழை ஈரம் ஏறி உப்பிவிடும். முன்னோரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்புச் சட்டம் அவசியம். கதவு திறந்ததும் பெட்டி சரிந்து வராமல் இருப்பது இதனால்தான்.

உயரத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்காதீர்கள். நீங்கள் அதிகம் ஏற்றும் பெட்டியை அளந்து, கைவிரல் நுழைய இரண்டங்குலம் கூட்டித் தட்டை வையுங்கள். எண்ணெய், சர்க்கரை போன்ற கனமானவை எப்போதும் அடித்தட்டில். மேலே கனம் ஏறினால் வளைவில் வண்டி சாயும். சோப்பும் டீத்தூளும் ஒரே தட்டில் வேண்டாம், வாசனை ஏறும்.

துளை போடுமுன் சுவருக்குப் பின்னால் ஒயர், டீசல் குழாய் போகிறதா என்று பாருங்கள். தட்டின் எடையும் ஏற்றும் எடையில் சேரும் என்பதை மறக்க வேண்டாம், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அளவு அப்படியேதான் இருக்கிறது. வேலை முடிந்து பத்து நாள் லைன் ஓடியபின் எல்லா நட்டையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்க்கவும். பிறகு ஆயில் மாற்றும்போதெல்லாம் பார்த்தால் போதும்.