பத்மினிக்கு இதய மாற்று ஆபரேஷன்!

பஸ் ஓவர்டேக் செய்தால் பரவாயில்லை சார், பஸ்தானே! ஷேர் ஆட்டோ ஓவர்டேக் செய்ததோடு, உள்ளே இருந்த பொடியன் எனக்கு டாட்டா வேறு காட்டினான். அன்றைக்குத்தான் அந்த முடிவை எடுத்தேன்.

எங்களுடையது 1978 மாடல் பிரீமியர் பத்மினி. அப்பா புக் பண்ணி, வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. ஃபியட் 1100-தான் பின்னால் பத்மினி ஆனது என்பதால் வீட்டில் அதற்குக் கடைசிவரை 'ஃபியட்' என்றுதான் பெயர். 1089 சி.சி. இன்ஜின், சுமார் 40 குதிரை சக்தி. 2007-ல் அதில் எத்தனை குதிரை உயிரோடு இருந்ததோ!

"அதே கம்பெனியோட 118 என்.இ. வண்டி இன்ஜின் ஒண்ணு இருக்கு சார். நிஸான் டிசைன், 1171 சி.சி. போட்டா பறக்கும்!" என்றார் புதுப்பேட்டை மெக்கானிக் பாய். கூடுவது வெறும் 82 சி.சி.தானே என்று சிரிக்காதீர்கள். குதிரைக் கணக்கில் அது சுமார் 50!

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஆர்.சி. புக்ல இருக்கிற இன்ஜின் நம்பர் என்னடா ஆகும்?"

மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு என்று ஒன்று இருப்பதெல்லாம் அப்போது எனக்கு எங்கே தெரியும்! "அதெல்லாம் பாய் பாத்துப்பார்ப்பா" என்றேன்.

மாப்பிள்ளை மட்டும் வருவார் என்று நினைத்தேன். சம்பந்தி வீடே வந்து இறங்கியது. புது இன்ஜினோடு அதன் கியர் பாக்ஸ். அதன் கியர் தடி தரையிலிருந்து வருவதால் ஃப்ளோரில் ஓட்டை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பழைய கியர் தடி அவுட். கியர் பாக்ஸ் மாறியதால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டி, வெல்டிங் வைத்து, லேத்தில் பாலன்ஸ் பார்த்தார்கள். இன்ஜின் உட்கார பிராக்கெட், ரேடியேட்டர் ஹோஸ், சைலன்ஸர் பைப்... "ரெண்டு ஞாயித்துக்கிழமை வேலை சார்" என்றவர் மூணு மாசம் எடுத்துக்கொண்டார்.

ஆனால், வண்டி பறந்தது! குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறியது தெரியவில்லை. பின் சீட்டில் இருந்த மனைவிகூட, "பரவால்லீங்க" என்றாள்.

இறங்கும்போதுதான் வினை. வளைவுக்கு வளைவு ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி, பிரேக்கை ஒரு மிதி. பாதி மலை இறங்கியிருப்போம். ஏதோ கருகும் வாசனை. பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. அடுத்த மிதிக்கு இன்னும் கீழே. வண்டி நிற்கவில்லை!

நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். சூடேறினால் டிரம் விரியும், லைனிங் பிடி விட்டுப்போகும். பிரேக் மேல் குற்றமில்லை. அது நாற்பது குதிரைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

"கீர்ல இறக்குடா!" என்று அப்பா கத்தினார். என் கை தானாக ஸ்டியரிங்குக்குக் கீழே போனது. அங்கே வெறும் காற்று! அந்த வண்டியில் டிரைவிங் பழகிய கை, வேறெங்கே போகும்?

"கிளட்சை மிதி!" பக்கத்து சீட்டிலிருந்து அப்பா அந்தப் புதுத் தடியைப் பிடித்து செகண்டில் தள்ளினார். அதுவரை அவர் அதைத் தொட்டதுகூட இல்லை. இன்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன். வளைவில் வந்துகொண்டிருந்த பஸ்ஸுக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது.

இறங்கி, கை நடுங்க, தண்ணீர் கேனோடு சக்கரத்துக்குப் போனேன். "ஊத்தாதே! டிரம் விரிசல் விட்டுடும். தானா ஆறட்டும்" என்றார் அப்பா. ஒரு மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

2008-ல் ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பழைய இன்ஜினை அப்பா சாக்குப் போட்டு மூடி ஷெட்டில் வைத்திருந்தார். எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன்.

"கழட்ற லேபர் தனி, மாட்ற லேபர் தனி சார்" என்றார். "அந்த ஃப்ளோர் ஓட்டை அடைக்கிறது?" என்றேன்.

"அது ஃப்ரீ!"